மாஷ்: மசியலா, ஊறலா, துழவையா?

வீட்டில் பீர் செய்கிறவர்களில் முளைகட்டிய தானியத்தின் இனிப்புச் சாற்றைக் கெட்டியாக்கிய மால்ட் எக்ஸ்ட்ராக்ட் டப்பாவைத் திறந்து வெந்நீரில் கரைத்துக் கொதிக்க வைக்கிறவர்கள் ஒரு ரகம். மால்ட் தானியத்தையே வாங்கி, உடைத்து, சூட்டு நீரில் போட்டு அதிலிருந்து இனிப்பை இறக்குகிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாவது வழியைத்தான் ஆல் கிரெயின் என்கிறார்கள், முழுத் தானிய முறை என்று சொல்லலாம். முதல் ரகத்தார் செய்யாமல் தாண்டிப்போகிற வேலைக்குப் பெயர் மாஷ். இதைத் தமிழில் எழுதப் போனால் ஆளுக்கொரு சொல் வைத்திருக்கிறோம், பாதிச் சொற்கள் தப்பான வேலையைச் சொல்கின்றன.

முதலில் அது என்ன வேலை என்று பார்ப்போம். உடைத்த மால்ட்டையும் சூடான நீரையும் கலந்து, 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம் போல வைத்திருப்பது, அவ்வளவுதான். பார்லி மணிக்குள் இருப்பது ஸ்டார்ச், அதாவது மாவுச்சத்து. ஈஸ்ட்டால் அதைத் தின்ன முடியாது, அதைச் சர்க்கரையாக வெட்டிக் கொடுக்க வேண்டும். வெட்டும் கத்தியும் அதே மணிக்குள்தான் இருக்கிறது: பார்லியை முளைவிட வைத்துக் காயவைத்ததுதான் மால்ட், அந்த முளைப்பில் தயாரான அமைலேஸ் என்சைம்கள் ஈரமும் சூடும் கிடைத்ததும் வேலையைத் தொடங்கிவிடும். (இந்தச் சக்தியை 1833-ல் மால்ட்டிலிருந்து பிரித்தெடுத்து டயாஸ்டேஸ் என்று பெயர் வைத்தவர்கள் பாயன், பெர்சோ என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள். என்சைம்களின் பெயர்கள் ‘ஏஸ்’ என்று முடிவதற்கு அந்தப் பெயர்தான் முன்மாதிரி.)

இந்த அமைலேஸில் பீட்டா என்றும் ஆல்ஃபா என்றும் இரண்டு உண்டு. பீட்டா 60–65 டிகிரிப் பக்கம் சுறுசுறுப்பாக இருந்து, ஸ்டார்ச் சங்கிலியை நுனியிலிருந்து நறுக்கி ஈஸ்ட்டுக்குப் பிடித்த மால்டோஸ் என்ற சர்க்கரையைத் தரும், சூடு ஏறினால் சீக்கிரம் செத்துப்போகும். ஆல்ஃபாவுக்கு 70 டிகிரிப் பக்கம் பிடிக்கும், சங்கிலியின் நடுவில் எங்கே வேண்டுமானாலும் வெட்டும், ஈஸ்ட் தொடாத துண்டுகளையும் விட்டுவைக்கும். அதனால் 64-ல் நிறுத்தினால் பீர் இனிப்பின்றி லேசாக வரும், 69-க்குப் போனால் வாயில் கனமாக நிற்கும். ஒரே மால்ட், ஒரே நீர், நாலைந்து டிகிரியில் இரண்டு வேறு பீர். புளிப்பை அளக்கும் பிஎச் 5.2-க்கும் 5.6-க்கும் நடுவில் இருந்தால் இரண்டு என்சைமுக்கும் சௌகரியம்.

சரி, சொல்லுக்கு வருவோம். மாஷ் பழைய ஜெர்மானியச் சொல். பழைய ஆங்கிலத்திலேயே இது பீர் வேலையோடு ஒட்டித்தான் வருகிறது, ஜெர்மன் மொழியில் இன்றும் மைஷே, சுவீடிஷில் மெஸ்க். கலப்பது என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள், அப்படிப் பார்த்தால் மிக்ஸ் என்பதற்கும் இது தூரத்துச் சொந்தம். எதையாவது குழைய நசுக்குவது, அதாவது உருளைக்கிழங்கு மாஷ், பிறகு வந்து ஒட்டிக்கொண்ட பொருள். மால்ட்டையும் நீரையும் கலந்த குழம்பல்தான் முந்தியது.

அகராதியைத் திறந்ததும் ‘மசித்தல்’ என்று வருவதில் எனக்குச் சம்மதம் இல்லாததற்கு இதுதான் காரணம். மாஷ், மசி என்று ஓசை ஒத்துப்போவதைப் பிடித்துக்கொண்டு ‘பார், தமிழிலிருந்து போனது’ என்று ஆரம்பிப்பவர்களும் உண்டு, அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை, ஓசை ஒற்றுமை மட்டும் போதாது. அதைவிட, மசித்தல் என்ற சொல் ஆளைத் தப்பான வேலைக்கு அனுப்பிவிடும். மால்ட்டை மசிக்கவே கூடாது. மில்லில் உருளைகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர் போல இடைவெளி விட்டு, உமி கிழியாமல் மணி மட்டும் இரண்டு மூன்றாக உடைகிற மாதிரி உடைக்க வேண்டும், அந்த உமிதான் பிறகு சாற்றை வடிகட்டும் படுகை. மாவாக அரைத்தாலோ, உள்ளே போட்டு மத்தால் கடைந்தாலோ சாறு இறங்காமல் அடைத்துக்கொள்ளும்.

‘ஊறல்’ என்றும் எழுதுகிறார்கள். ஊற வைப்பது உண்மைதானே என்று தோன்றும். ஆனால் ஊறல் என்றதும் நம் காதில் விழுவது சாராய ஊறல், அது ஏற்கெனவே நொதித்துக்கொண்டிருப்பது. பீரில் மாஷ் நடக்கும்போது ஈஸ்ட் பக்கத்திலேயே வராது, சாறு கொதித்து ஆறின பிறகுதான் அதற்கு அழைப்பு. விஸ்கிக்காரர்கள் நொதிக்கிற கலவையையும் மாஷ் என்றே சொல்வார்கள், அவர்களுக்கு ஊறல் பொருந்தும், நமக்குப் பொருந்தாது.

களி, கூழ் இரண்டும் கிட்டத்தில் வருகின்றன. அவற்றுக்கும் பக்கத்தில், இன்னும் பொருத்தமான ஒரு சொல் பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. அரிசியில் கள் செய்யும் முறையைச் சொல்லுமிடத்தில் ‘அவையா அரிசி அங்களித் துழவை’ என்று வருகிறது. குற்றாத அரிசியைத் துழாவிச் சமைத்த கூழ் அது. அதை வாயகன்ற பிழாவில் ஆற்றி, ‘நல்லடை’யைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்திருந்து, சாடியில் முதிர விட்டுப் பிழிந்தெடுக்கிறார்கள். நல்லடை என்பதற்கு உரை தருகிற பொருள் முளை. முளைத்த தானியத்தைக் கொண்டு மாவுச்சத்தை இனிப்பாக்கும் அதே உத்தி!

இங்கே ஒரு சிக்கல் உண்டு, மறைக்க வேண்டாம். பாட்டில் துழவை என்பது முளை சேர்வதற்கு முந்தைய கூழ், நாம் மாஷ் என்பது முளைத் தானியமும் நீரும் சேர்ந்த கலவை. கொஞ்சம் நகர்த்தித்தான் ஆக வேண்டும். ஆனாலும் துழாவு என்ற வினை உள்ளே இருப்பதால் இந்தச் சொல்லையே எடுக்கிறேன், ஏனென்றால் மாஷில் கையால் செய்ய வேண்டிய முக்கிய வேலை அதுதான். மால்ட்டைக் கொட்டும்போது துழாவாமல் விட்டால் கட்டி தட்டும், கட்டிக்குள் மாவு உலர்ந்தபடியே கிடக்கும், அந்த ஸ்டார்ச் கணக்கில் சேராது. பெயராக மாஷ் என்றால் துழவை, வினையாகத் துழவையிடுதல்.

மற்றவை இதோடு தானாக வரும். மாஷ் டன் என்பதில் டன் என்றால் பீப்பாய், எடையில் வருகிற டன்னும் அதே பீப்பாயிலிருந்து வந்ததுதான். துழவைக்கலம் என்று சொல்லிவிடலாம், வீட்டில் அது சூடு தாங்கும் கூலர் பெட்டியாகவோ எஃகுப் பானையாகவோ இருக்கும், அடியில் சல்லடைத் தட்டு, வெளியே ஒரு குழாய். கிலோவுக்கு 3 லிட்டர் நீர் என்று வைத்துக்கொண்டால், 25 டிகிரியில் இருக்கும் தானியத்தைக் கொட்டிய பின் கலவை 66-ல் நிற்க நீர் 72 பக்கம் இருக்க வேண்டும். 20 லிட்டர் நடுத்தர பீருக்கு நாலரை முதல் 5 கிலோ மால்ட் பிடிக்கும். சாற்றைச் சக்கையிலிருந்து பிரித்து இறக்கும் லாட்டரிங் என்பதன் வேர் ஜெர்மன் மொழியில் தெளியவைப்பது, வடித்தெடுத்தல் என்றால் போதும். ஸ்பார்ஜ் லத்தீனில் தெளிப்பது, சக்கையில் தங்கிய இனிப்பைக் கழுவி இறக்க மேலே வெந்நீர் விடுவதை அலசுநீர் விடுதல் என்பேன், அந்த நீர் 77 டிகிரியைத் தாண்டினால் உமியின் துவர்ப்பும் கூட இறங்கிவிடும். பெரிய துணிப்பையில் மால்ட்டைப் போட்டு ஒரே பானையில் எல்லாம் முடித்துப் பையைத் தூக்கிவிடும் ஆஸ்திரேலியப் பாணிக்கு இந்த இரண்டு சொல்லும் தேவைப்படாது.

வடிகிற இனிப்புச் சாறு வெர்ட். செடி, வேர் என்று பொருள்பட்ட பழைய ஆங்கிலச் சொல்லோடு உறவுள்ளது, எழுதுவது ஓ போட்டு, சொல்வது வெர்ட். இதற்கு அரியல் என்று வைக்க ஆசைதான், அரித்து வடித்தது என்பது கச்சிதமாகப் பொருந்துகிறது, ஆனால் பழம்பாட்டுகளில் அரியல் குடிக்கத் தயாரான கள். நொதிக்காத சாற்றுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தால் ஊறலில் பட்ட அதே குழப்பம் திரும்ப வரும். முளைச்சாறு என்றே எழுதிவிட்டுப் போகலாம்.