மேக்ரோஃபேஜ்: தமிழில் பெருவிழுங்கி

குழந்தைகள் வார்டில் டாக்டர் "மேக்ரோஃபேஜ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது" என்று சொன்னால், பெற்றோருக்கு ஏதோ மருந்தின் பெயர் போலத்தான் கேட்கும். அது குழந்தையின் உடம்பிலேயே பிறந்த, கிருமிகளை விழுங்கும் உயிரணு.

கிரேக்கத்தில் 'மக்ரோஸ்' பெரியது, 'ஃபாகெய்ன்' தின்னுதல். கதை 1882இல் சிசிலித் தீவின் மெசினாவில் தொடங்குகிறது. கண்ணாடிபோல் உள்ளே தெரியும் நட்சத்திரமீன் இளவுயிரியின் தோலுக்கடியில் ரோஜா முள்ளைச் செருகி வைத்தார் ரஷ்ய விலங்கியலாளர் இலியா மெச்னிகாவ். மறுநாள் காலை பார்த்தால், முள்ளைச் சுற்றி நகரும் அணுக்கள் மொய்த்து நின்றன. அவற்றுக்கு 'ஃபேகோசைட்' என்ற பெயரை எடுத்துக்கொடுத்தவர் வியன்னாவின் கார்ல் கிளாவுஸ். பின்னர் பெரியதை மேக்ரோஃபேஜ், சிறியதை மைக்ரோஃபேஜ் என்று பிரித்தார் மெச்னிகாவ். சிறியதை இன்று நியூட்ரோஃபில் என்கிறோம், அது வெள்ளணுக்களில் ஒரு வகை; பெரியதன் பெயர் நிலைத்துவிட்டது. 1908இல் பால் எர்லிக்குடன் அவருக்கு நோபல் பரிசு.

இலங்கையில் ஃபேகோசைட்டைத் தின்குழியம் என்பார்கள். செங்குழியம், வெண்குழியம் வரிசையில் வரும் அழகான சொல். தமிழ்நாட்டில் விழுங்கு செல், பெருவிழுங்கி. என் தேர்வு பெருவிழுங்கிதான். தின்ன வாயும் பல்லும் வேண்டும். இந்த அணுவுக்கு இரண்டும் கிடையாது. தன் உடலையே கைபோல் நீட்டி, கிருமியை முழுதாக வளைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. நாம் மாத்திரை விழுங்குவதும் அப்படித்தான், செரிப்பது பிறகு. கடைசியில் நிற்கும் இகரமும் பழையது, செய்வதைக் குறிக்கும் விகுதி. குறளில் சினத்துக்கு வரும் 'சேர்ந்தாரைக்கொல்லி', இன்றைய ஒலிபெருக்கி, பூச்சிக்கொல்லி எல்லாம் அதே வார்ப்பு.

மூட்டின் உட்சவ்வில் பெருவிழுங்கிகள் எல்லாக் குழந்தைக்கும் உண்டு. உதிர்ந்ததைக் கூட்டிப் பெருக்குவது அன்றாட வேலை. 16 வயதுக்குள் தொடங்கி 6 வாரமாவது நீடிக்கும், காரணம் பிடிபடாத மூட்டழற்சியே சிறார் மூட்டழற்சி. அதில் உடல் முழுவதையும் தாக்கும் வகைக்கு, 1897இல் 22 குழந்தைகளைப் பற்றி எழுதிய லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டில்லின் பெயர். பொழுது சாயும்போது காய்ச்சல் ஏறும், கூடவே இளஞ்சிவப்புத் தடிப்பு. காய்ச்சல் இறங்கியதும் தடிப்பும் மறையும். காலையில் முழங்கால் மடங்காமல் பிள்ளை கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்திருக்கும். மற்ற வகைகளில் டி அணுக்கள் என்ற வெள்ளணுக்களின் பங்கு பெரிது. இங்கே முன்வரிசையில் நிற்பவை பெருவிழுங்கிகளும், அவையாக மாறவல்ல மோனோசைட்டுகள் என்ற ரத்த அணுக்களும். அவை கொட்டும் இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 என்ற சமிக்ஞைப் புரதங்கள் காய்ச்சலையும் வீக்கத்தையும் கிளப்புகின்றன. முன்னதை அனகின்ரா ஊசி மறிக்கிறது, பின்னதை டோசிலிசுமாப்.

இந்த வகைக் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு நிலைமை கைமீறுகிறது. எலும்பு மஜ்ஜையில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், வெளிறிய பெரிய அணு ஒன்றின் வயிற்றுக்குள் முழு முழுச் சிவப்பணுக்கள் கிடப்பதைக் காணலாம். சொந்த ரத்தத்தையே விழுங்கியிருக்கிறது. டாக்டர் சொன்ன 'மேக்ரோஃபேஜ் ஆக்டிவேஷன்' இதுதான். இதைப் 'பெருவிழுங்கிச் செயலூக்கம்' என்று பெயர்த்தால் நல்ல சேதி போல் காதில் விழுகிறது. உயிரைப் பறிக்கக்கூடிய நிலைக்கு அந்தச் சொல் தகாது. 'பெருவிழுங்கிக் கட்டுமீறல்' என்று சொல்லுங்கள். கேட்ட மாத்திரத்தில் ஆபத்து புரியும்.

பெற்றோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அழற்சி கூடினால், சிவப்பணுக்கள் படியும் வேகத்தை அளக்கும் இஎஸ்ஆர் ஏறும். கட்டுமீறலிலோ, ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் தீர்ந்துபோவதால் அது இறங்கிவிடும். ரிப்போர்ட்டைப் பார்த்து, குறைந்துவிட்டது என்று மூச்சு விடுவார்கள். கூடவே தட்டணுக்கள் சரியும், இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டின் எகிறும். இந்த நிலைக்கான 2016 மருத்துவ வரையறையில் ஃபெரிட்டினுக்கு மில்லிலிட்டருக்கு 684 நானோகிராம்தான் எல்லைக்கோடு. காய்ச்சல் விடாமல் அடிக்க இஎஸ்ஆர் மட்டும் இறங்கினால், அன்றைக்கே ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.