குவியத் தொலைவு: லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணின் பெயர்

"அண்ணா, கிட் லென்ஸ் இருக்குது. அடுத்து இன்னா லென்ஸ் வாங்கலாம்?"

வேலூர், காட்பாடி பக்கம் புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் சீக்கிரமே கேட்கத் தொடங்கும் கேள்வி இது. கிட் லென்ஸ் என்றால் கேமராவோடு சேர்த்தே கிடைக்கும் 18-55 மி.மீ. போன்ற லென்ஸ். பதில் எண்ணாகவே வரும். "ஃபிஃப்டி எம்எம் வாங்குப்பா", "எய்ட்டி ஃபைவ் எடு, போர்ட்ரெய்ட் சூப்பரா இருக்கும்", "செவன்ட்டி த்ரீ ஹண்ட்ரட் போதும்." அந்த எண் எதை அளக்கிறது என்று யாரும் நின்று சொல்வதில்லை. லென்ஸின் நீளம் என்று சிலர் நினைக்கிறார்கள். எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பதன் கணக்கு என்று சிலர். எவ்வளவு தூரத்தில் இருப்பதைப் படம் எடுக்கலாம் என்பதற்கான எல்லை என்று இன்னும் சிலர். மூன்றுமே இல்லை. அது குவியத் தொலைவு. பத்தாம் வகுப்பு அறிவியலில் எல்லோரும் படித்த சொல்தான். தேர்வு முடிந்ததும் மறந்துவிட்டோம், அவ்வளவே. அதை மீட்டுக்கொண்டால் அடுத்த லென்ஸைத் தேர்ந்தெடுப்பதில் பாதிக் குழப்பம் தீரும்.

முதலில் 'லென்ஸ்' என்ற சொல்லைப் பார்த்துவிடுவோம். லத்தீனில் அதற்கு மைசூர்ப் பருப்பு என்று பொருள். உடைக்காத முழுப் பருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் காரணம் விளங்கும்: இரண்டு பக்கமும் புடைத்து, ஓரம் மெலிந்திருக்கும். 17ஆம் நூற்றாண்டில் அதே வடிவத்தில் தேய்த்த கண்ணாடிக்கு ஐரோப்பியர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். அரபியிலும் இதே வழிதான். பருப்பு 'அதஸ்', லென்ஸ் 'அதஸா'. அங்கிருந்து அது உருதுவுக்கும் வந்தது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் உருது வழியில் அறிவியல் படித்தவர்களுக்கு இந்தச் சொல் புதிதாக இருக்காது.

தமிழில் இரண்டு வழக்குகள் இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'லென்சு' என்று எழுதிக் குவிலென்சு, குழிலென்சு என்று பிரிக்கின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'வில்லை' என்கின்றன. எனக்கு வில்லை என்ற சொல்லின் மேல் தனிப் பிரியம் உண்டு. தட்டையான சிறு வட்டத் துண்டு எதுவாக இருந்தாலும் நம் ஊரில் அது வில்லைதான்: சூட வில்லை, சந்தன வில்லை, மாத்திரை வில்லை, பின்னலில் வைக்கும் சடைவில்லை. கலெக்டர் ஆபீஸ் டவாலி மார்பில் மாட்டிய பித்தளை வட்டத்துக்கும் வில்லை என்றே பெயர். பாலாற்றுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் போனால் தெலுங்கில் 'பில்ல', கன்னடத்தில் 'பில்லெ'; ஒரே குடும்பத்துச் சொற்கள். இப்படிப் புழக்கத்தில் இருக்கும் சொல் கண்ணாடி வட்டத்துக்கும் இயல்பாகப் பொருந்திவிடுகிறது. எழுத்தில் வில்லை என்றே எழுதலாம், முதல் தடவை மட்டும் 'கண்ணாடி வில்லை' என்று சேர்த்துச் சொன்னால் யாருக்கும் தடுமாற்றம் இருக்காது. கடையில் போய் லென்ஸ் என்று கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. வேலூர் ஷெல் கண் ஆஸ்பத்திரியில் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட பாட்டி கூட "கண்ணுல லென்ஸ் வெச்சிருக்காங்க" என்றுதான் சொல்வார். அது தமிழில் குடியேறிவிட்ட சொல்.

ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டும். சிலர் லென்ஸை 'ஆடி' என்று எழுதுகிறார்கள். ஆடி என்றால் முகம் பார்க்கும் கண்ணாடி. குழியாடி, குவியாடி என்று பாடநூலில் வருபவை ஒளியைத் திருப்பி அனுப்புபவை. வில்லை ஒளியைத் தன் வழியே விட்டு வளைப்பது. வேலையே வேறு.

சரி, குவியம். ஆங்கிலத்தில் ஃபோகஸ் என்று சொல்லும் சொல் லத்தீனில் வீட்டு அடுப்பைக் குறித்தது. ஒளியியலுக்கு அதைக் கொண்டுவந்தவர் வானியலாளர் கெப்ளர், 1604இல். அடுப்பை ஏன் எடுத்தார் என்று வெயிலில் பூதக்கண்ணாடி பிடித்துக் காகிதம் பொசுக்கிய பிள்ளைகளுக்குத் தெரியும். கதிர்கள் சேரும் புள்ளியில் நெருப்பு இருக்கிறது.

தமிழ் வேறொரு பக்கத்திலிருந்து அந்தப் புள்ளியைப் பார்த்தது. வேர்ச்சொல் 'குவி'. நெல் குவியல், கை குவித்தல், குவிந்த மொட்டு எல்லாம் இதிலிருந்து வந்தவை. ஒன்றுகூடுவதும் குவிதல், மேடாகப் புடைத்திருப்பதும் குவிதல். குவிவில்லை என்று சொன்னால் அதன் வடிவமும் தெரிகிறது, அது செய்யும் வேலையும் தெரிகிறது. புடைத்திருப்பதால் ஒளியை ஒன்றுசேர்க்கிறது. அப்படி ஒளி வந்து குவியும் இடம் குவியம். வில்லையின் மையத்திலிருந்து அந்த இடம் வரை உள்ள இடைவெளி குவியத் தூரம் அல்லது குவியத் தொலைவு. 'தூரம்' வடசொல், 'தொலைவு' தமிழ்ச்சொல். இரண்டும் பாடநூல்களில் வந்திருக்கின்றன, பொருள் ஒன்றே. எழுதும்போது நடுவில் 'த்' வர வேண்டும். சில இடங்களில் 'குவிய நீளம்' என்று பார்க்கிறேன். அதை விட்டுவிடுவதே நல்லது. லென்ஸின் உடம்பு நீளம் என்ற பிழையான எண்ணத்தை அந்தச் சொல்லே உண்டாக்குகிறது.

வீட்டிலேயே இதை அளந்து பார்க்கலாம். ஜன்னலுக்கு எதிர்ச் சுவருக்கு முன்னால் ஒரு பூதக்கண்ணாடியைப் பிடித்து, மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஒரு இடத்தில் வெளியே இருக்கும் மரமும் மலையும் தலைகீழாக, சின்னதாக, தெளிவாகச் சுவரில் விழும். அப்போது கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவே உள்ள அளவுதான் குவியத் தொலைவு. அப்பாவின் படிக்கும் கண்ணாடியிலும் இதைச் செய்யலாம். மூக்குக்கண்ணாடிக் கடையில் சொல்லும் 'பவர்' இந்தத் தொலைவைத் தலைகீழாகச் சொல்வது. ஒன்றைப் பவரால் வகுத்தால் மீட்டரில் விடை வரும். பவர் +2 என்றால் அரை மீட்டர், அதாவது 500 மி.மீ. நம் கேமராவின் 50 மி.மீ. வில்லைக்கு அதே கணக்கில் பவர் +20.

கேமரா லென்ஸுக்குள் ஒரே ஒரு வில்லை இல்லை, பல வில்லைகள் வரிசையாக இருக்கின்றன. அவை எல்லாம் சேர்ந்து ஒரே வில்லை போல நடந்துகொண்டால் அதன் குவியத் தொலைவு எவ்வளவு இருக்குமோ, அந்த எண்ணைத்தான் வளையத்தில் அச்சிடுகிறார்கள். அதனால் 300 மி.மீ. லென்ஸ் 30 செ.மீ. நீளம் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் டெலி லென்ஸ்களின் அமைப்பே உடலைக் குறுக்குவதற்காகச் செய்ததுதான்.

படம் எடுப்பவருக்கு இந்த எண் சொல்லும் முக்கியமான சேதி ஒன்றே: எவ்வளவு அகலத்துக்குக் காட்சி உள்ளே வரும். குவியத் தொலைவு குறைந்தால் கோணம் விரியும், கூடினால் சுருங்கும். அதோடு, கேமராவுக்குள் ஒளியைப் படமாகப் பதியும் உணரியின் (சென்சார்) அளவும் சேர்கிறது. முழுச்சட்ட உணரி 36க்கு 24 மி.மீ. தொடக்கநிலைக் கேமராக்கள் பெரும்பாலானவற்றில் இருக்கும் ஏபிஎஸ்-சி உணரி அதைவிடச் சிறியது. குவியத் தொலைவை நிக்கான், சோனியில் 1.5ஆல், கேனானில் 1.6ஆல் பெருக்கினால், முழுச்சட்டத்தில் அதே பார்வையைத் தரும் எண் கிடைக்கும். முழுச்சட்டத்தில் 50 மி.மீ. மூலைக்கு மூலை ஏறக்குறைய 47 பாகை காட்டும். அதையே ஏபிஎஸ்-சி கேமராவில் மாட்டினால் 32 பாகைதான். லென்ஸ் மாறவில்லை, குவியத் தொலைவும் மாறவில்லை. ஓரங்கள் வெட்டுப்பட்டுவிட்டன.

"ஃபிஃப்டி வாங்கு" என்ற பழைய அறிவுரையை அதனால் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அது முழுச்சட்டக் காலத்தில், ஃபிலிம் நாளில் பிறந்த அறிவுரை. ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மி.மீ. நல்ல முகப்பட லென்ஸ். ஆனால் ஹாஸ்டல் அறையிலோ, வீட்டு விசேஷத்திலோ நின்றால் முதுகு சுவரில் முட்டும், படத்தில் பாதிப் பேர் வெளியே நிற்பார்கள். பழைய 'ஃபிஃப்டி'யின் பார்வை வேண்டும் என்றால் அந்தக் கேமராவுக்கு 35 மி.மீ.தான் வாங்க வேண்டும். முதல் ப்ரைம் லென்ஸாக, அதாவது குவியத் தொலைவு மாறாத லென்ஸாக, நான் சொல்வதும் அதையே.

எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கும்: எஃப் 1.8, எஃப் 5.6. அதுவும் குவியத் தொலைவிலிருந்து பிறந்ததுதான். ஒளி நுழையும் துளையின் விட்டத்தால் குவியத் தொலைவை வகுத்த விடை அது. 50 மி.மீ., எஃப் 1.8 என்றால் துளை ஏறக்குறைய 28 மி.மீ. கிட் லென்ஸை 55 மி.மீ.க்குத் திருப்பினால் எஃப் 5.6, துளை 10 மி.மீ.கூட இல்லை. எஃப் 5.6ஐ விட எஃப் 1.8 ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது.

இந்தக் கணக்கு கேமராவுக்கு மட்டும் சொந்தம் இல்லை. நம் வடாற்காட்டு ஜவ்வாது மலையில், காவலூரில் 1986இல் இயங்கத் தொடங்கிய வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறதே, அதற்கும் இதே கணக்குதான். அதில் இருப்பது ஆடி, வில்லை இல்லை. விட்டம் 2.34 மீட்டர், எஃப் 3.25. பெருக்கினால் குவியத் தொலைவு ஏழரை மீட்டருக்குச் சற்று மேலே வருகிறது. மங்கலான விண்மீன் ஒளியைப் பிடிக்க அவர்களும் அகலமான துளையையே தேடினார்கள். இருட்டு மண்டபத்தில் நமக்கும் வேண்டியது அதுதான்.

ஜூம் என்ற சொல்லிலும் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டுவதுதான் ஜூம் என்று பேச்சில் ஆகிவிட்டது. ஜூம் லென்ஸ் என்றால் குவியத் தொலைவை மாற்றிக்கொள்ளக்கூடியது, அவ்வளவே. 10-20 மி.மீ. லென்ஸும் ஜூம்தான், அது எதையும் கிட்டே கொண்டுவராது. இதை 'உருப்பெருக்கி' என்று மொழிபெயர்ப்பது சரியில்லை, அது பூதக்கண்ணாடியின் பெயர். 'மாறுகுவிய வில்லை' என்றால் பொருள் நேராக வந்துவிடும். ப்ரைமுக்கு 'நிலைக்குவிய வில்லை'. தூரத்தைக் கிட்டே காட்டும் டெலி லென்ஸை 'தொலை வில்லை' என்று சொல்லலாம்.

இப்போது நம் ஊரில் நின்று பார்ப்போம். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தின் யாளித் தூண்களை எடுக்க ஆசைப்படாதவர் இல்லை. பின்னால் நகர இடம் குறைவு, வெளிச்சமும் குறைவு. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களில் முக்காலிக்குத் தனி அனுமதி வேண்டும். மண்டபம் முழுவதும் வர வேண்டும் என்றால் 10-20 போன்ற அகல வில்லை. ஒரு தூணின் சிற்ப வேலை போதும் என்றால் 35 மி.மீ., எஃப் 1.8. அகழி ஓரத்தில் சிறகு விரித்துக் காயும் நீர்க்காகத்துக்கு 300 மி.மீ. கூடக் கொஞ்சம் குறைவாகத்தான் தோன்றும்.

தை மாதம் தொடங்கி நம் கிராமங்களில் நடக்கும் எருது விடும் விழாவுக்கு 70-300 வசதி. மாடு ஓடும் வழிக்குள் போய் நிற்கவே கூடாது. மாடியோ மேடையோ பார்த்து ஏறிக்கொள்ள வேண்டும், மிச்சத்தைக் குவியத் தொலைவு பார்த்துக்கொள்ளும். ஷட்டர் வேகம் நொடியில் 1000இல் ஒரு பங்காவது இருக்கட்டும். லென்ஸில் உள்ள நடுக்கத் தடுப்பு உங்கள் கையின் ஆட்டத்தைத்தான் அடக்கும், மாட்டின் ஓட்டத்தை நிறுத்தாது. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்துக்குப் போனால் நிலைமை தலைகீழ். கூட்டம் உங்களை எங்கே தள்ளுகிறதோ அங்கேதான் நிற்க முடியும், லென்ஸ் கழற்றி மாட்ட நேரமும் இருக்காது. அங்கே கையில் ஏற்கெனவே இருக்கும் 18-55தான் கைகொடுக்கும். அதற்காக ஒரு ரூபாயும் புதிதாகச் செலவழிக்க வேண்டாம்.

ஒரு தவறான நம்பிக்கை மட்டும் மிச்சம் இருக்கிறது. டெலி லென்ஸ் பின்னணியை இழுத்து ஒட்டவைக்கிறது, அகல லென்ஸ் மூக்கைப் பெரிதாக்குகிறது என்பார்கள். இரண்டையும் செய்வது நீங்கள் நிற்கும் தூரம். முகத்துக்கு ஒரு அடியில் நின்றால் எந்த லென்ஸிலும் மூக்கு பெரிதாகத்தான் தெரியும். அகல லென்ஸ் உங்களை அவ்வளவு கிட்டே போக வைக்கிறது, பழி லென்ஸின் மேல் விழுகிறது.

உங்களுக்கு எந்தக் குவியத் தொலைவு வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. எடுத்த ஒவ்வொரு படத்தின் கோப்பிலும் அந்த எண் பதிவாகியிருக்கிறது. 'விவரங்கள்' என்ற பகுதியைத் திறந்தால் தெரியும். பிடித்த படங்களை மட்டும் எடுத்து எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 18இல் குவிந்திருந்தால் அகல வில்லை, 55இல் குவிந்திருந்தால் தொலை வில்லை, நடுவில் 30, 35 என்று இருந்தால் ஒரு ப்ரைம். ஆனால் பலரும் வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பிவிட்டே படம் எடுப்பதால் எண்கள் ஓரங்களில் சேர்வது உண்டு. சந்தேகம் இருந்தால் கிட் லென்ஸின் வளையத்தை 35இல் நிறுத்தி ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு, மண்டித் தெருவையும் கோட்டையையும் ஒரு சாயங்காலம் சுற்றி வாருங்கள். அப்புறம் இன்னொரு நாள் 50இல் ஒட்டுங்கள். எந்த நாளில் அடிக்கடி பின்னால் போக வேண்டியிருந்தது, எந்த நாளில் முன்னால் போக வேண்டியிருந்தது என்று கவனித்தால் போதும், கடைக்காரரிடம் எந்த எண்ணைச் சொல்வது என்று தெரிந்துவிடும்.