கஞ்சிதானே குடித்தேன், சுகர் எப்படி 280?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: ஐப்பசி மழையில் சளி, காய்ச்சல்; மூன்று நாளாகக் கஞ்சியும் ரசமும்தான், ஆற்காடு மக்கன் பேடா பக்கமே போகவில்லை. வழக்கமாக 140-ல் நிற்கும் காலைச் சுகர் 280. மீட்டர் கெட்டுவிட்டதா?

மீட்டரைக் குறை சொல்லாதீர்கள். சர்க்கரையை அனுப்பியது கல்லீரல். சுகர் 100 என்றால் 5 லிட்டர் ரத்தத்தில் கரைந்திருப்பது மொத்தமே 5 கிராம் குளுக்கோஸ், ஒரு டீஸ்பூன். 60 கிலோ எடையுள்ளவர் பட்டினி கிடந்தாலும் கல்லீரல் மணிக்கு ஏறக்குறைய 7 கிராம் விட்டுக்கொண்டே இருக்கும். வரவும் செலவும் ஒத்துப்போவதால் அளவு நிற்கிறது. வைரஸ் வந்ததும் கார்ட்டிசால், அட்ரினலின் என்ற ஹார்மோன்கள் வரவைக் கூட்டும். இது பள்ளிப் பாடம். செலவு எப்படி அடைபடுகிறது என்பதுதான் அழகு.

தசைச் செல்லுக்குள் குளுக்கோஸை இழுக்கும் புரதம் குளூட்-4. சும்மா இருக்கும்போது அது செல்லுக்குள் நுண்குமிழிகளில் ஒதுங்கிக் கிடக்கும். இன்சுலின் வெளியே ஒட்டியதும், ஐஆர்எஸ்-1 என்ற இடைப்புரதத்தில், டைரோசின் என்ற அமினோ அமிலம் உள்ள இடங்களில் பாஸ்பேட் ஏறும். சேதி போய்க் குமிழிகள் மேலே வரும். காய்ச்சலில் எதிர்ப்புச் செல்கள் விடும் டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற சேதிப்புரதம், பாஸ்பேட்டை செரின் என்ற வேறு அமினோ அமிலத்தின் இடங்களில் ஏற்றிவிடும். புரதமும் அதேதான், பாஸ்பேட்டும் அதேதான். இடம் மாறியதற்கே சேதி பாதியில் நின்றுபோகிறது. தசை விட்டுவைத்த குளுக்கோஸ் யாருக்கு? வைரஸோடு மல்லுக்கட்டும் வெள்ளணுக்களுக்கு. அவை இழுப்பது குளூட்-1 என்ற வேறொரு புரதம் வழியாக. அதற்கு இன்சுலினின் உத்தரவு வேண்டாம்! மற்றவர்களின் கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டும். சுகர்காரரின் கணையத்தில் அந்தக் கையிருப்பு இல்லை.

அதனால்தான் "சாப்பிடவே இல்லையே" என்று இன்சுலினை நிறுத்துவது பெரிய தப்பு. நீண்டநேரம் வேலை செய்யும் இன்சுலினை நிறுத்தவே கூடாது. முதல் வகை (டைப் 1) நோயாளி நிறுத்தினால் கொழுப்பு உடைந்து, கீட்டோன் என்ற அமிலப்பொருள் ரத்தத்தில் ஏறும். வாந்தி, வயிற்றுவலி, வேகமூச்சு என்றால் உடனே ஆஸ்பத்திரி. நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர்கள் குடிக்கட்டும், ஆனால் கசப்பை நம்பி ஊசியை விடுவது சுத்த மூடநம்பிக்கை.

கையைக் கழுவித் துடைத்துவிட்டு 4 மணிநேரத்துக்கு ஒருமுறை சோதியுங்கள். 180-ஐத் தாண்டினால் சர்க்கரை சிறுநீரில் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும்; தண்ணீரும் மோரும் அடிக்கடி வேண்டும். வாந்தியெடுக்கும் நாளில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், மெட்ஃபார்மின் என்ற மூன்று சுகர் மாத்திரைகளையும் நிறுத்துவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். முதல் இரண்டில், சுகர் 200-க்குள் இருக்கும்போதே கீட்டோன் ஏறலாம். கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரை வேறு ஆபத்து: வெறும் வயிற்றில் சுகரை இறக்கிவிடும். இருமல் சிரப் பலவும் சர்க்கரைப் பாகுதான்; சர்க்கரை சேர்க்காததைக் கேட்டு வாங்குங்கள்.

காய்ச்சல் விட்ட சில நாளில் குமிழிகள் பழையபடி மேலே வரத் தொடங்கும். அப்போது, காய்ச்சலுக்காக ஏற்றிய இன்சுலின் அளவைக் குறைக்க மறந்தால், விடியற்காலை வியர்த்துக் கொட்டி எழுந்து பார்க்கும்போது மீட்டர் 60-க்குக் கீழே காட்டும்.