சர்நேம்: கடைசிப் பெயரா, குடும்பப்பெயரா?

தரவுத்தளத்தில் முழுப்பெயர் ஒரே புலத்தில் கிடக்கும். "இதிலிருந்து சர்நேமை மட்டும் பிரித்துக் கொடுங்கள்" என்பார்கள். கடைசி இடைவெளியைக் கண்டுபிடித்து, அதற்குப் பின்னால் இருப்பதை வெட்டி எடுப்போம். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில், எழுத்துத்தொடரை வெட்டித் தரும் சப்ஸ்டிரிங்_இண்டெக்ஸ் ஃபங்ஷனுக்கு ஓர் இடைவெளியும் -1 என்ற எண்ணும் கொடுத்தால் போதும், ஒரே வரியில் வேலை முடிந்துவிடும். கைக்கு வந்தது சர்நேம்தானா என்பது வேறு விஷயம்.

'சர்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த முன்னொட்டு. அதன் லத்தீன் மூலம் 'சூப்பர்', அதாவது 'மேல்'. இட்ட பெயருக்கு மேல் கூடுதலாக ஒட்டிக்கொண்ட பெயர்தான் சர்நேம். அது ஊராக, தொழிலாக, பட்டமாக, ஆளின் தோற்றமாகக்கூட இருக்கலாம். தலைமுறைதோறும் தொடரும் பெயர் என்ற பொருள் பிறகுதான் நிலைத்தது. தந்தையைக் குறிக்கும் 'சயர்' என்ற சொல்லே இதன் வேர் என்று நம்பி, எழுத்துக்கூட்டலையே மாற்றி எழுதியவர்களும் இருந்தார்கள்.

'லாஸ்ட் நேம்' அப்படியல்ல. பெயர் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. ஆங்கிலப் பெயர்களில் குடும்பப்பெயர் பெரும்பாலும் கடைசியில் நிற்பதால் இரண்டும் ஒன்றாகிவிட்டன. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

மேலே சொன்ன வரியைச் சில பெயர்களில் ஓட்டிப் பாருங்கள். மா சே துங் என்பதில் 'துங்' வரும், குடும்பப்பெயர் 'மா'. காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் பாதியை இழந்து 'மார்க்கேஸ்' ஆவார்; தந்தைவழி, தாய்வழி இரண்டும் சேர்ந்த 'கார்சியா மார்க்கேஸ்'தான் அவருடைய குடும்பப்பெயர். மார்ட்டின் லூதர் கிங் ஜூனியருக்கு 'ஜூனியர்' கிடைக்கும். விசுவநாதன் ஆனந்துக்கு 'ஆனந்த்' வரும். அது அவருடைய சொந்தப் பெயர், முன்னால் நிற்பது தந்தையின் பெயர். பெயரின் இறுதியில் தெரியாமல் ஓர் இடைவெளி தட்டப்பட்டிருந்தால் வெற்றிடம்தான் மிஞ்சும். ஆகவே, முதலில் டிரிம் செய்யாமல், அதாவது முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் இடைவெளிகளை நீக்காமல், எதையும் வெட்டாதீர்கள்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'கடைசிப் பெயர்', 'இறுதிப்பெயர்' இரண்டும் லாஸ்ட் நேமின் நிழல்கள். அதே குழப்பத்தைத் தமிழுக்கும் கொண்டுவருகின்றன. 'துணைப்பெயர்' மூலப்பொருளுக்கு நெருக்கமானதுதான், ஆனால் புனைபெயர் என்று படித்துவிடுவார்கள். 'குலப்பெயர்' என்றாலோ படிவத்தை நிரப்புகிறவர் சாதியைக் கேட்கிறார்கள் என்று நினைப்பார். 'குடும்பப்பெயர்' என்பதே என் தேர்வு.

ஆனால் அந்தத் தலைப்பை எல்லா நெடுவரிசைக்கும் சூட்ட முடியாது. பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரிகளில் குடும்பப்பெயருக்கும் மற்றப் பெயர்களுக்கும் நடுவே இரண்டு கோணக்குறிகள் நிற்கும். அங்கே பிரிப்பதை இடைவெளியின் கையில் விடவில்லை. எது எந்தப் பகுதி என்பது முன்பே தனித்தனியாகப் பதிவாகியிருக்கிறது. அப்படி உரியவரே பிரித்துத் தந்த பெயருக்குக் குடும்பப்பெயர் என்று எழுதலாம். நிரல் வெட்டித் தந்த துண்டுக்கு நான் 'கடைச்சொல்' என்றுதான் தலைப்பிடுகிறேன்.