பாலிஷ்: பூசுவதா, தேய்ப்பதா?

மதுரையில் எந்த மரப் பட்டறையில் போய்ப் ‘பாலிஷ்’ என்று சொன்னாலும் ஆசாரியின் கை முதலில் பிரஷ்ஷுக்குத்தான் போகும். எங்கள் வீட்டுத் தேக்கு ஊஞ்சல் பலகையில் வார்னிஷ் காயும் முன்பே தூசி படிந்து சொரசொரத்துப் போனதால், “பாலிஷ் போட்டுக் குடுங்கண்ணே” என்று கொடுத்துவிட்டு வந்தேன். அவரோ தூசியின் மேலேயே இன்னொரு பூச்சு அடித்து அனுப்பினார். பிழையில் பாதி அந்தச் சொல்லுடையது.

வழவழப்பாக்குதல் என்னும் பொருளுடைய ‘பொலிரே’ என்ற இலத்தீன் வினை, பழைய பிரெஞ்சின் வழியாக ஆங்கிலத்தில் பாலிஷ் ஆயிற்று. ஆனால், அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பொட்டலத்தில் நனைத்துப் பலமுறை தேய்த்தேற்றும் பிரெஞ்சு பாலிஷ் முறையில் பூச்சும் தேய்ப்பும் ஒரே கைவேலையாக இருப்பதால், பூசும் கரைசலுக்கும் அப்பெயரே நிலைத்துவிட்டது. அந்த அரக்கு அவல் போன்ற மெல்லிய சில்லுகளாக இருப்பதால் தமிழில் அவலரக்கு எனப்படும். ஷெல்லாக் என்பதைவிடக் கண்ணுக்குத் தெரிகிற பெயர். வார்னிஷ் என்பதற்கு மெருகெண்ணெய் என்ற சொல் உண்டு. பட்டறையில்தான் அதைக் கேட்க முடிவதில்லை.

பாலிஷ் என்ற ஒற்றைச் சொல்லுக்கு ஈடாகத் தமிழில் பல வினைகள் உள்ளன. பாத்திரத்தைத் துலக்குகிறோம், மரத்தை இழைக்கிறோம், அரிசியைத் தீட்டுகிறோம். இவற்றுள் தீட்டுதல் மிக நெருங்கி வருகிறது. ஆயினும் அரிசி தீட்டும்போது தவிடு நீங்குகிறது, ஓவியம் தீட்டும்போதோ வண்ணம் ஏறுகிறது. நீக்குவதையும் பூசுவதையும் ஒருங்கே சுமக்கும் அச்சொல்லை இங்கே வைத்தால் என் ஊஞ்சல் குழப்பம் அப்படியே நீடிக்கும்.

ஆகவே மெருகேற்றல் என்பதே பொருத்தம் என்பேன். தெற்காவணி மூல வீதி நகைக்கடையில் “மெருகு போட்டா எடை குறையுமா?” என்று கேட்பவர்களுக்கு, மெருகு என்பது தேய்மானத்தில் பிறப்பது என்று தெரிந்திருக்கிறது. வார்னிஷிலும் அதுவே நடக்கிறது. பூச்சின் மேடுபள்ளங்களும் கீறல்களும் ஒளியைச் சிதறடிப்பதால் பலகை மங்கித் தெரிகிறது. அவற்றை மேலும் மேலும் நுண்ணிய கீறல்களாக மாற்றிக்கொண்டே போனால் பளபளப்பு எழுகிறது. தொட்டால் ஒட்டாத பூச்சு உள்ளேயும் இறுகிவிட்டது என்று சொல்ல முடியாது என்பதால், எண்ணெய் வார்னிஷைச் சில வாரங்களாவது ஆறவிட்டு, சோப்புத் தண்ணீர் தொட்டு 1000, 1500, 2000 எண் வாட்டர் பேப்பர்களால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்; எண் கூடக்கூட நுண்மை கூடும்) வரிசையாகத் தேய்த்து, பிறகு ரப்பிங் காம்பவுண்ட் என்னும் தேய்ப்புப் பசையைத் துணியில் எடுத்து மரத்தின் ரேகையோடு இழுப்பது கைமெருகு. சுழன்று தேய்க்கும் பஃபிங் மிஷினால் செய்வதைப் பொறிமெருகு எனலாம். வேலை விரைவில் முடியும், ஆனால் ஒரே இடத்தில் நிறுத்தினால் சூட்டில் பூச்சு இளகிவிடும், விளிம்புகளில் மரமே வெளிப்பட்டுவிடும். மெருகை மெழுகோடு குழப்பிக்கொள்வோரும் உண்டு. மெழுகு, விரும்பினால் கடைசியில் தடவுவது.

இரண்டாம் முறை பலகையைத் தூக்கிக்கொண்டு போனபோது, “பூச வேணாம்ணே, தேச்சு மெருகு மட்டும் ஏத்திக் குடுங்க” என்றேன். ஆசாரி பிரஷ்ஷைத் தொடவில்லை; வாளியில் தண்ணீர் பிடிக்கப் போனார்.