நம்ம வீட்ல மீட்டர் இல்ல, பெறவு எப்பிடி எண்ணுறானுவ?

தக்கலையில இருக்கிற எங்க மைனி போன வாரம் கேட்டாங்க, "நம்ம தெருவுல ஒரு வீட்லயும் டிவி பாக்குறத எண்ணுற மீட்டர் கிடையாது, பெறவு இந்த சீரியல்தான் நம்பர் ஒண்ணுன்னு அவனுவளுக்கு எப்பிடி தெரியும், செட்டாப் பாக்ஸ்ல கேமரா இருக்கோ?" இந்தக் கேமரா கதைய நல்லா படிச்சவங்களே நம்புறாங்க, அது எனக்கு வருத்தம், ஏன்னா நெசமா நடக்குறது அந்தக் கதைய விட ரொம்ப அழகு.

டிஆர்பி, அதாவது எத்தன பேரு பாக்குறாங்கங்கிற கணக்கு, ஏறுனா விளம்பர ரேட்டு ஏறும், காசு சேந்தா இன்னும் நாலு சேனல் வாங்கலாம், இதெல்லாம் தெரிஞ்சதுதான். எண்ணுறது பார்க் இந்தியாங்கிற கம்பெனி, 2015ல இருந்து. நாடு முழுக்க சுமார் 55,000 வீட்ல ஒரு பொட்டி வெச்சிருக்காங்க, அதுதான் மீட்டர். அந்தப் பொட்டிக்கு கண்ணு கிடையாது, காது மட்டும்தான். வீட்ல யாரு யாரு பாக்குறாங்கன்னு அவங்கவங்களே பட்டன் அமுக்கிச் சொல்லணும்.

சேனல்காரங்க ஒளிபரப்புற எடத்துலயே சத்தத்துக்குள்ள ஒரு முத்திரைய கலந்து விட்டுடுறாங்க, எந்த சேனல், மணி என்னங்கிறது அதுல இருக்கும். மாமியார் மருமகள திட்டுற வசனத்தோட சேந்து அது நம்ம ஹாலுக்கு வருது, நம்ம காதுல விழாது, பொட்டி காதுல விழும்.

ஏன் விழாது? முட்டத்துல பாறை மேல அலை அடிக்கும்போது பக்கத்துல நிக்கிறவங்க மெதுவா ஒண்ணு சொன்னா கேக்குமா, அதே சங்கதிதான். உள்காதுல நத்தைக்கூடு மாதிரி ஒரு சுருள், அதுக்குள்ள சுமார் 35 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு சவ்வு. கீச்சுச் சத்தம் அந்த சவ்வோட வாசல் பக்கத்த ஆட்டும், கனத்த சத்தம் உள்முனைய ஆட்டும், ஒரு எடத்துல பெருசா ஆடிட்டு இருக்கும்போது அதை ஒட்டுன சுருதியில சின்னதா ஒரு சத்தம் வந்தா அந்த ஆட்டத்துல முங்கிப் போவும். எம்பி3 பாட்டு சின்ன ஃபைல்ல அடங்குறதும் இதாலதான், அங்க கேக்காதத வெட்டி எறியுறாங்க, இங்க கேக்காத எடத்துல சீட்டு செருகுறாங்க.

இந்த சவ்வுல அலை ஓடுறத மைக்ரோஸ்கோப்புல பாத்தவர் பெக்கேஷி, ஹங்கேரி தபால் துறையோட டெலிபோன் ஆய்வுக்கூடத்துல வேலை பாத்தவர், இறந்தவங்க காதைத் திறந்து வெச்சு பாத்தாரு, 1961ல நோபல் பரிசு. ஒரு தபால் துறை காதை ஆராய இடம் குடுத்திருக்கு பாருங்க. இதனால என்ன லாபம்னு முதல் வருஷமே கேக்குற ஆளுக கையில நிதி இருந்தா இந்த மாதிரி ஆராய்ச்சி பொறக்கவே பொறக்காது.

சரி, நமக்கு கேக்காதது பொட்டிக்கு எப்பிடி கேக்குது? அது திரும்பத் திரும்ப கேட்டுக் கூட்டுது. ஒரே முத்திரை நூறு தடவ வந்தா அது ஒண்ணு மேல ஒண்ணு சேந்து நூறு மடங்கு ஆவுது, ஆனா வசனமும் மியூசிக்கும் ஒரு தடவ மேல போவும் ஒரு தடவ கீழ போவும், ஒண்ண ஒண்ணு அடிச்சிக்கிட்டு பத்து மடங்குதான் வளருது. பத்துங்கிறது நூறோட வர்க்கமூலம். இது புரிஞ்ச அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

இதே வர்க்கமூலம்தான் வீடு எண்ணுறதுலயும் நிக்குது. குலுக்கல் மாதிரி 55,000 வீடு எடுத்தா பிசகு 0.4 சதவீதம் கிட்டதான், மொத்தம் 21 கோடி டிவி வீடு இருந்தாலும் அதேதான். ஆனா ஒரு பொட்டி சுமார் 3,800 வீட்டுக்கு பதில் சொல்லுது. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல 2011 கணக்குப்படி 18.7 லட்சம் பேரு, வீட்டுக்கு நாலு பேருன்னு வெச்சு சரிசமமா பங்கு போட்டா 120 பொட்டி வரும், அங்க பிசகு 9 சதவீதம். இதுல கேரள எல்லையில இருக்கிற களியக்காவிளை பக்கம் மலையாள சேனல் வேற ஓடும். பொட்டி எந்த வீடுன்னு தெரிஞ்சா அஞ்சாறு வீட்ட வளைச்சாலே கணக்கு மாறும். இந்த மாதிரி புகார் வந்துதான் 2020 அக்டோபர்ல நியூஸ் சேனல் ரேட்டிங்க நிறுத்துனாங்க, 2022 மார்ச்லதான் திரும்ப வந்துச்சு.

பார்க் இந்தியாவுல 60 சதவீதம் பங்கு ஒளிபரப்பு நிறுவனங்களோட சங்கத்துக்கு. 2024 நவம்பர்ல ரிலையன்ஸோட டிவி தொழிலும் டிஸ்னியோட ஸ்டார் இந்தியாவும் சேந்து ஜியோஸ்டார் ஆச்சு, நூறுக்கு மேல சேனல், நம்ம விஜய் டிவியும் அதுக்குள்ளதான். அளக்கப்படுறவங்களே தராசுக்கும் சொந்தக்காரங்களா இருக்கக் கூடாதுங்கிறது என் கருத்து. கொல்கத்தாவுல இருக்கிற இந்தியப் புள்ளியியல் நிறுவனம் மாதிரி ஒரு எடத்துல இந்த வேலைய குடுக்கணும்.

ஒக்கி புயல் 2017 நவம்பர் 30 அன்னிக்கு அடிச்சுது. கடலுக்குப் போனவங்க திரும்பல, எங்கள பத்தி டிவியில ஒண்ணும் வரலியேன்னு கடற்கரை சனம் கதறிச்சு, டிசம்பர் 7 அன்னிக்கு குழித்துறை ஸ்டேஷன்ல தண்டவாளத்துல போய் உக்காந்தாங்க. எந்த சேதி எவ்வளவு நேரம் ஓடணும்னு முடிவு பண்றவங்க மேசை மேல இருந்தது இந்த ரேட்டிங்தான்னு நெனைக்கேன்.

எல்லாத்தையும் மைனிகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "அப்போ அந்தக் கடற்கரை ஊரு தூத்தூர்ல எத்தன பொட்டி இருக்கும்?"னு கேட்டாங்க. 3,800 வீட்டுக்கு ஒண்ணுன்னா ஒண்ணு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.