அரசறிவியல்: ‘அந்த அரசியல்’ இல்லை, இது வேறு

மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வை முடித்துவிட்டு மலாயாப் பல்கலைக்கழகத்துக்கோ பினாங்கின் அறிவியல் பல்கலைக்கழகமான யுஎஸ்எம்முக்கோ விண்ணப்பம் போடும் நம் பிள்ளைகளிடம் என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டால் ‘பொலிட்டிக்கல் சயின்ஸ்’ என்பார்கள், விண்ணப்பப் பாரத்தில் மலாயில் ‘சாயின்ஸ் பொலித்திக்’ என்று எழுதுவார்கள், தமிழில் சொல்லச் சொன்னால் மட்டும் ‘அரசியல்’ என்று இழுத்துவிட்டு “ஐயோ, அந்த அரசியல் இல்லை அத்தை” என்று விளக்கவும் வேண்டியிருக்கும். அதற்குள் அத்தை “அப்போ அடுத்த எலெக்‌ஷன்ல நிக்கப் போறியா?” என்று கேட்டு முடித்திருப்பார்.

பாவம், அத்தை மேல் தப்பில்லை. அரசு + இயல் என்ற அந்தச் சொல்லுக்கே ஒரு காலத்தில் கட்சி, ஓட்டு எதுவும் கிடையாது. திருக்குறள் பொருட்பாலை உரைகாரர்கள் பகுத்தபோது இறைமாட்சி முதல் இடுக்கணழியாமை வரையுள்ள 25 அதிகாரங்களுக்கு வைத்த பெயர்தான் அரசியல். ஆளுகிறவன் எப்படி இருக்க வேண்டும், எதைக் கற்க வேண்டும், யாரை நம்ப வேண்டும் என்பதெல்லாம் அதில் அடக்கம். சிலப்பதிகாரப் பதிகத்தில் ‘அரைசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற்று ஆவதூஉம்’ என்று வருவதும் ஆளும் முறைமையைத்தான். பிறகு உயிரியல், இயற்பியல், பொருளியல் என்று படிப்புகளுக்கெல்லாம் ‘இயல்’ ஒட்டிக்கொண்டது. அந்தக் கணக்கில் பார்த்தால் இந்தப் படிப்புக்கும் அரசியல் என்ற பெயரே போதும், ஆனால் அது கைவிட்டுப் போய்விட்டது. ஆபீஸ் அரசியல், கோயில் கமிட்டி அரசியல் என்று வந்த பிறகு அதைத் திரும்பக் கேட்டு வாங்க முடியாது.

அதனால்தான் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘அரசியல் அறிவியல்’ என்று போடுகிறார்கள். தப்பில்லை, ஆனால் ஒரே பெயரில் இரண்டு இயல். யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகத் துறைக்கே ‘அரசறிவியல்’ என்று பெயர். என் ஓட்டு அதற்குத்தான். சுருக்கமாக இருக்கிறது, அரசறிவியலாளர் என்று ஆளைக் குறிக்கவும் வசதி, அவரை யாரும் அரசியல்வாதியோடு குழப்ப மாட்டார்கள்.

சரி, ‘பொலிட்டிக்ஸ்’ எங்கிருந்து வந்தது? கிரேக்க ‘போலிஸ்’. (காவல் துறையின் பெயருக்கும் அதுதான் வேர்.) போலிஸ் என்றால் நகரம், அதிலும் தன்னைத்தானே ஆண்டுகொண்ட நகர அரசு. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் அதைப் பற்றி எழுதியதற்குப் பெயர் ‘பொலிட்டிக்கா’, அதாவது நகர அரசைச் சேர்ந்த விஷயங்கள். இதே வேலை நம் பக்கமும் நடந்திருக்கிறது. மலாயில் நாட்டுக்கு ‘நெகாரா’, மாநிலத்துக்கு ‘நெகெரி’. இரண்டும் சமஸ்கிருத நகர, நகரி வழியாக வந்தவை, நம் ‘நகர்’ இருக்கிறதே, அதற்குச் சொந்தக்காரர்கள். கிரேக்கத்திலும் நகரம்தான் அரசாக வளர்ந்தது, இங்கேயும் அப்படித்தான். அரசாங்கத்துக்கான மலாய்ச் சொல் ‘கெராஜாஆன்’ என்பதில் நடுவில் ராஜா உட்கார்ந்திருப்பதைச் சொல்லவே வேண்டாம், பிரதமரைக் குறிக்கும் ‘பெர்டானா மெந்திரி’யை வாய்விட்டுச் சொன்னாலே பிரதான மந்திரி காதில் விழும்.

‘கவர்மெண்ட்’டின் கதை கடலில் தொடங்குகிறது. கப்பலின் சுக்கானைப் பிடித்து நடத்துவதற்கான கிரேக்க வினை லத்தீனுக்குப் போய் ‘குபெர்னாரே’ ஆகி, அப்புறம் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘சைபர்’ என்று இப்போது எதற்கெடுத்தாலும் முன்னால் ஒட்டுகிறோமே, அதுவும் அதே வேரில் முளைத்ததுதான்.

இனி, முதல் செமஸ்டரிலேயே தமிழில் யோசிக்கிறவர்களைத் தடுக்கி விழவைக்கும் இடம். அரசறிவியலில் ‘ஸ்டேட்’ வேறு, ‘கவர்மெண்ட்’ வேறு. தமிழ்ப் பத்திரிகையில் இரண்டுக்கும் ‘அரசு’ என்றே போட்டுவிடுகிறார்கள், போதாததற்கு ‘ஸ்டேட்’ என்றதும் நமக்குப் பினாங்கு, பேராக் என்று மாநிலங்கள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. நம் மலேசியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018 மே மாதம் பிரதமர் நஜிப் போய் மகாதீர் வந்தார், 2020 மார்ச்சில் முகிதீன், 2021 ஆகஸ்டில் இஸ்மாயில் சப்ரி, 2022 நவம்பரில் அன்வார். நாலரை ஆண்டில் நான்கு முறை அரசாங்கம் மாறியது. எல்லை மாறவில்லை, அரசியலமைப்பில் சில திருத்தங்கள் வந்தனவே தவிர அது வேறொன்றாகிவிடவில்லை, வெளிநாடுகளோடு போட்ட ஒப்பந்தங்களும் காலாவதியாகிவிடவில்லை. அந்த மாறாத அமைப்புதான் ஸ்டேட்.

ஆகவே நான் எழுதும்போது ஸ்டேட்டுக்கு அரசு, கவர்மெண்ட்டுக்கு அரசாங்கம், நெகெரிக்கு மாநிலம் என்று பிரித்துக்கொள்வேன். ‘அரசாங்கம் கவிழ்ந்தது’ என்று தாராளமாக எழுதலாம், ‘அரசு கவிழ்ந்தது’ என்று எழுதினால் அரசறிவியலில் அதற்கு ரொம்பப் பெரிய அர்த்தம். அரசாங்கத்தில் வரும் அங்கம் வடசொல்தான், தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிக்கலாம், ஆனால் மலேசியாவில் வானொலி முதல் வாசல் திண்ணை வரை எல்லோருக்கும் புரிகிற சொல்லை விட எனக்கு மனமில்லை. ‘ஆட்சி’ இன்னொரு பக்கம். ஆள் என்ற வினையிலிருந்து, காண் காட்சியானது போல, ஆட்சி. அது ஆளும் செயலையும் காலத்தையும் குறிப்பது, அமைப்பை அல்ல. ‘கவர்னன்ஸ்’ என்று வந்தால் ஆளுகை என்று போடலாம். ‘பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன்’ பொது நிர்வாகம், அது பக்கத்து வீட்டுத் துறை, அதையும் அரசறிவியல் என்று மொழிபெயர்த்து வைக்காதீர்கள்.